ஆமாம், என் இஷ்டம்தான்

தினேஷ்,

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். “உங்க இஷ்டம்” என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. நம் குடும்பங்களில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? செய்யாதே, மீறிச் செய்தால் என் முகத்தில் விழிக்காதே என்பதைத்தான் நாம் மரியாதையாக இப்படிச் சொல்வோம். மேற்கொண்டு படிக்கிறேன் என்று நான் கேட்டபோது என் அப்பாவும் இதையேதான் சொன்னார். நான் பயந்துபோய்ப் படிப்பை விட்டேன். இந்த முறை அதை எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொண்டேன். ஆமாம் ஐயா, என் இஷ்டம்தான். வரும் வெள்ளிக்கிழமை காலையில் பதிவிலாகாவில் மணியத்தை நான் கல்யாணம் செய்துகொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஒளித்துவைத்துப் படிக்காதே. உன் மனைவியிடம் கொடு. ஈப்போவில் இருக்கும் உன் சித்தப்பாவுக்கு அனுப்பு. என் பெயரை எடுத்தால் மட்டும் விழித்துக்கொள்கிற நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போடு. ஆளுக்கு ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது. இதில் மன்னிப்பு எங்கேயும் இருக்காது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

“அந்தப் பழைய கம்ப்யூட்டரை அன்னைக்கே தூக்கிப் போட்டிருந்தா இதெல்லாம் நடந்திருக்காது” என்று உன் மனைவியிடம் சொன்னாயாம். அது உண்மைதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீ பதினாறு வயதில் படிவம் நான்கில் படிக்கும்போது வாங்கியது அது. உன் அப்பா இறந்து, நான் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் செய்து வாங்கினேன். பெட்டியைப் பிரித்த அன்று ஆசையாக மவுஸைத் தொட்டேன். “அம்மா, கை வைக்காதீங்க, கெட்டுப் போயிடும்” என்றாய். தூசு படாமல் இருக்க நான் தைத்துக் கொடுத்த துணி உறையைக்கூட நீதான் எடுக்க வேண்டும், நீதான் போட வேண்டும். பிறகு நீ பல்கலைக்கழகத்துக்குப் போனாய். உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பிற்பகலில் நான் என்ன செய்தேன் என்று ஒரு நாளும் நீ கேட்டதில்லை. அழுதிருப்பேன் என்று நினைத்திருப்பாய். கொஞ்சம் அழுதேன். அப்புறம் உறையை எடுத்துவிட்டு விசையை அழுத்தினேன். அங்கும் இங்கும் தட்டிப் பார்த்ததில் ஒரு சீட்டாட்டம் அகப்பட்டது. சிவப்பின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் சிவப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிற ஆட்டம். ஜெயித்துவிட்டால் சீட்டெல்லாம் துள்ளித் துள்ளிக் கீழே விழும். முதல் தடவை அது விழுந்தபோது நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். அன்று பிடித்த பழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், பேத்தி பிறந்த பிறகும், சாயங்காலம் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடாமல் எனக்குப் பொழுது முடிந்ததில்லை.

இந்த மழைக்காலத்தில் அது மக்கர் செய்தது. விசையை அழுத்தினால் விளக்கு எரியும், உள்ளே விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். நீளமாக ஒரு கூவல், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு கூவல். வயரைப் பிடுங்கி வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தேன். திரைக்குப் போகிற கேபிளைக் கழற்றி மாட்டினேன். அதே கூவல். உனக்குத்தான் போன் செய்தேன்.

“அதுக்கு வயசாயிடுச்சு லா அம்மா. தூக்கிப் போடுங்க. உள்ள போட்டோ ஏதாச்சும் இருக்கா?”

“இல்லையே.”

“அப்பா போட்டோ?”

“அதெல்லாம் ஆல்பத்துல இருக்கு.”

“அப்புறம் எதுக்கும்மா அது?”

“கார்டு வெளையாட.”

நீ சிரித்தாய். “அந்த கேம் போன்லயே இருக்கு. நான் போட்டுத் தரேன்.”

“எனக்கு அதுலதான் வேணும்.”

“ஏன்?”

“வேணும்.”

அந்த “வேணும்” உனக்குப் போதவில்லை. உள்ளே உன் அப்பாவின் படம் ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஷா ஆலாமிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பாய். ஆட்டம் ஆடப் பிடித்திருக்கிறது என்பது உனக்குக் காரணமாகவே தெரியவில்லை. நான் அப்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

மறுநாள் அந்தப் பெட்டியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பஸ் ஏறி, கொம்தார் கட்டடத்துப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. செய்வதற்கு இல்லை ஆன்ட்டி, புதிது வாங்குங்கள் என்றான். திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின் இருக்கையில் மணியம். நம் மாடியில், வரிசையின் கடைசி வீடு. உனக்குச் சரியாக நினைவிருக்காது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது, ஒரே மகள் ஜோகூரில் இருக்கிறாள். அன்று பஸ் ஓட்டுநர் பிரேக் போடுகிற ஒவ்வொரு தடவையும் அவர் “ச்சே” என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்தில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியபோது என் பெட்டி சரிந்தது. அவர்தான் எட்டிப் பிடித்தார்.

“என்னம்மா இது, குழந்தை மாதிரி சுத்தி வச்சிருக்கீங்க?”

“கம்ப்யூட்டர் அண்ணே. ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. கடையில பாக்க மாட்டேங்கறாங்க.”

“தொறந்து பாத்தீங்களா?”

“எனக்கு அதெல்லாம் தெரியாதண்ணே.”

“எனக்கும் தெரியாது. தொறந்துதான் பாப்பமே.”

அவர் செய்த பெரிய குற்றம் அதுதான் தினேஷ். தெரியாது என்று சொன்னார், ஆனாலும் திறந்து பார்க்கலாம் என்றார். எனக்குத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் தெரியும் என்று சொல்லிவிட்டு, என்னைத் தொடவிடாமல் செய்தவர்கள். உன் அப்பாவும் அப்படித்தான், நீயும் அப்படித்தான். அன்பாகத்தான் செய்தீர்கள். அதை நான் மறுக்கவில்லை.

கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, வாசல் கதவை விரியத் திறந்துவைத்து, நாங்கள் அதைத் திறந்தோம். உள்ளே தூசு பஞ்சு பஞ்சாக அடைந்திருந்தது. விசிறிக்குப் பக்கத்தில் பல்லி முட்டை இரண்டு. அவர் பெயிண்ட் அடிக்கிற பிரஷால் துடைத்தார், நான் டார்ச் பிடித்தேன். மறுநாள் நான் துடைத்தேன், அவர் டார்ச் பிடித்தார். போனில் வீடியோக்களைத் தேடிப் பார்த்தோம். கூவல் வந்தால் ரேம் என்கிற பச்சைப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டிப் பாருங்கள் என்று ஒருவன் இந்தியில் சொன்னான். இரண்டு பேருக்கும் இந்தி தெரியாது, கை அசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டோம். தேய்த்தோம், மாட்டினோம், கூவல் நிற்கவில்லை. வேகமாக அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். அவர் அந்தக் கூவலுக்குக் கீழே மெதுவாக ஒரு பாட்டு முனகுவார், சுருதி சேர்ப்பது போல. நான் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆகிறது என்று எனக்கே தெரியாது.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சிரித்த சத்தம் அவர் வீட்டுச் சமையலறைவரை கேட்டதாம். உனக்குப் போன் செய்து சொன்னார். நீ சனிக்கிழமை பிற்பகல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாய், கையில் புதுக் கணினிப் பெட்டியோடு. நாங்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். அன்று நடந்ததை நீ எப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நடந்தது இதுதான்.

“யாரும்மா இவரு?”

“மணியம் அண்ணே. கடைசி வீடு. ஒனக்குத் தெரியுமே.”

“தெரியும். எதுக்கு தெனமும் வராருன்னு கேக்கறேன்.”

“கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றோம்.”

“இவருக்கு ரிப்பேர் பண்ணத் தெரியுமா?”

“தெரியாது தம்பி” என்றார் மணியம். ஒளிக்காமல் சொன்னார். அதற்கே உனக்குக் கோபம் வந்தது.

“அங்கிள், நான் புதுசு வாங்கிட்டேன். இனிமே நீங்க இங்க வர வேண்டியதில்ல.”

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, ஒங்க வீடா இருந்தா நான் இப்பவே போயிருப்பேன். இது ஒங்க அம்மா வீடு. அவங்க சொல்லட்டும்.”

நீ என்னைப் பார்த்தாய். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எந்தப் பக்கம் சொன்னாலும் எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அப்படி நின்றார். எனக்கு அது புரிந்தது.

“நாளைக்கு வாங்கண்ணே. இன்னும் முடியல” என்றேன்.

அவர் போன பிறகு நீ கத்தினாய். ஆட்கள் என்ன பேசுகிறார்கள் தெரியுமா என்றாய். சரோஜா அக்கா பேசுகிறார், வேறு யாரும் பேசவில்லை என்றேன். அந்த ஆள் வீட்டைப் பிடுங்கத்தான் பழகுகிறான் என்றாய். அவருக்கென்று ஒரு வீடு இருக்கிறது, அதுவும் என் வீட்டைவிடச் சுத்தமாக இருக்கிறது என்றேன். உன் கோபத்துக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. கீழே திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்து, “இதப் பாருங்க, சரியாவே உக்காரல, இதுகூடத் தெரியாம ரெண்டு பேரும்...” என்று குனிந்து அந்தப் பச்சைப் பட்டையைக் கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்தினாய். டக் என்று ஒரு சத்தம். பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டாய்.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ போன பிறகு நான் விசையை அழுத்தினேன். கூவல் இல்லை. திரை வெளிச்சமாயிற்று. எத்தனை நாள் நாங்கள் பயந்து பயந்து தொட்டதை நீ ஒரு கோபத்தில் சரி செய்துவிட்டாய். உன் கைக்கு அந்த வேலை தெரியும். அதற்கு நன்றி. ஆனால் அதை வைத்து நீ என்னிடம் எதையும் கேட்க முடியாது.

அதோடு அது குணமாகவும் இல்லை. நேரம் தவறாக இருக்கிறது என்று ஒரு செய்தி வந்து நின்றது. பலகையில் பொத்தான் மாதிரி இருந்த பேட்டரியை மாற்றினோம். பிறகு ஒழுங்காகத் தொடங்கி, படம் வந்து, சீட்டை நான் கலைத்துப் போடுகிற நேரத்தில் பட்டென்று அணைந்துவிடும். சூட்டினால் இருக்கும் என்று விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். அப்படியும் அணைந்தது. கடைசியில் மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டியைத்தான் சந்தேகப்பட்டோம். மணியம் பழைய சாமான் கடைகளில் அலைந்து அதே மாதிரி ஒன்று தேடிக்கொண்டு வந்தார். அதை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான், வாயில் கவ்வியிருந்த திருகாணிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“இனிமே என்னய அண்ணேன்னு கூப்புடாதீங்க.”

நான் டார்ச்சை ஆட்டாமல் பிடித்திருந்தேன். “ஏன், என்ன தப்பு?”

“தப்பு இல்ல. ஒங்க மகன் அன்னைக்கு என்னமோ இருக்குன்னு நெனச்சுக் கோவிச்சாரு. வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாத்தேன். அவரு நெனச்சது எம் மனசுல இருக்குதான். ஒங்களுக்கு இல்லன்னா, இதை முடுக்கிட்டு நான் போயிடறேன். அண்ணேன்னே கூப்புடுங்க.”

“அப்ப எப்படிக் கூப்புடறது?”

“மணியம்னு.”

“வாயில வராது.”

“பழகிக்கலாம் லா.”

திருகாணியை முடுக்கினார். மூடியை மாட்டினார். விசையை நான்தான் அழுத்தினேன். அது தொடங்கியது, அணையவில்லை. அவர் சொல்லாமல் எழுந்து போய்விட்டார், என்னை ஆட விட்டுவிட்டு. நான் ஆடினேன். தோற்றேன். மறுபடி ஆடினேன். என் மனசு ஆட்டத்தில் இல்லை. மறுநாள் காலையில் குளித்து, சந்தைக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டு, நம் மாடி நடைபாதையில் கடைசி வீடுவரை நடந்துபோய்க் கதவைத் தட்டினேன். “மணியம்” என்று கூப்பிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சரோஜா அக்கா கையில் இருந்த கிளிப்பைக் கீழே போட்டார். அது எனக்குக் கேட்டது.

அன்றைக்கே உனக்குப் போன் செய்து சொன்னேன், பிறர் வாயால் நீ கேட்கக்கூடாது என்று. நீ முதலில் சொன்னது, “தனியா இருக்க கஷ்டமா இருந்தா இங்க வந்துடுங்கம்மா, ரூம் இருக்கு.” எனக்குத் தெரியும், நான் தனிமை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு விட்டுவிடுவார்கள். பாவம், வயதான காலத்தில் துணை வேண்டாமா என்று உன் சித்தப்பாகூடச் சொல்வார். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. நான் தனியாகக் கஷ்டப்படவில்லை. எனக்குத் தொழிற்சாலைத் தோழிகள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, சேமநிதிப் பணம் போதுமானதாக இருக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்ள எனக்கு யாரும் தேவையில்லை. மணியத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. அவரோடு இருந்தால் சிரிக்கிறேன். அவ்வளவுதான் காரணம். இதற்குமேல் பெரிய காரணம் ஒன்றை உனக்காக நான் உண்டாக்க மாட்டேன்.

பிறகு நீ, “அப்பாவை நெனச்சுப் பாத்தீங்களா?” என்றாய். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் போனை வைத்துவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். உன் அப்பா நல்ல மனிதர். என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அவர் இறந்தபோது உன்னைவிட அதிகமாக அழுதவள் நான். இன்று மணியத்தை நியாயப்படுத்துவதற்காக உன் அப்பாவைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதே, கிடைக்காது. அவரை மதிக்கிறேன் என்று காட்டுவதற்காக மீதி வாழ்நாளைப் பூட்டிவைக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதே. அவர் படம் கூடத்தில் மாட்டியபடியே இருக்கும். மணியம் வீட்டில் அவர் மனைவியின் படமும் இருக்கும். தினமும் இரண்டுக்கும் பூ வைப்போம். இறந்தவர்களுக்கு இதில் சங்கடம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் இருக்கிறது.

போனை வைப்பதற்கு முன்னால், உன் மாமனார் வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து போவது என்றும் கேட்டாய். எப்போதும் போகிற மாதிரியே போ. யாராவது கேட்டால், என் அம்மா கல்யாணம் செய்துகொண்டார் என்று சொல். முதல் தடவை சொல்லும்போது நாக்கு குழறும். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது சரியாகிவிடும். நீ குரலைத் தாழ்த்திச் சொன்னால்தான் அது அசிங்கம் மாதிரி கேட்கும். இன்னொன்றும் சொல்கிறேன், இது தாயாக இல்லை, நீ வளர்ந்ததைப் பார்த்த ஆளாக. உன் மனைவி போன வருடம் கார் ஓட்டப் பழக வேண்டும் என்றாள். நீதான் எல்லா இடத்துக்கும் கூட்டிப்போகிறாயே, எதற்கு என்றாய். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவள் தட்டைக் கழுவப் போனாள். பழகட்டும் ஐயா. அவளுக்கு வேண்டும் என்பதே போதும். நீ வாங்கி வந்த புதுக் கணினி பிரிக்காமல் உன் அறையில் இருக்கிறது. எடுத்துப்போய் என் பேத்தியிடம் கொடு. தன் கையாலேயே அவள் பிரிக்கட்டும், கெடுக்கவும் செய்யட்டும். நீ பக்கத்தில் மட்டும் இரு.

வெள்ளிக்கிழமை எனக்குப் பச்சைப் பட்டு. தாலி வேண்டுமா என்று மணியம் கேட்டார். வேண்டாம், மோதிரம் போதும் என்றேன். சரி என்றார். கையெழுத்து முடிந்து எல்லாரும் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போகிறோம். யாரும் மொய் கொண்டுவரக் கூடாது. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். மணியத்துக்கு அவர் மகள் ஜோகூரிலிருந்து வருகிறாள். என் பக்கத்துக்கு உன் பெயரைக் கொடுக்கத்தான் இருந்தேன். உன் இரண்டு வார்த்தை வந்த பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“என்னையா கேக்கற?” என்றார் சரோஜா அக்கா. “ஒம் மகன்கிட்ட போட்டுக் குடுத்ததே நான்தானே.”

“தெரியும் அக்கா. நாங்க ரெண்டு பேரும் பழகுனத ஒங்கள மாதிரி தெனமும் பாத்தவங்க வேற யாரு இருக்கா? சாட்சின்னா நீங்கதான்.”

முறைத்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீ என்ன கலர் கட்டறே? நான் அதையே கட்டிடக் கூடாது பாரு” என்றார்.

ஆகவே சாட்சிக்கு ஆள் இருக்கிறது. கையெழுத்துக்காக நீ வர வேண்டாம். கட்டாயத்துக்காகவும் வர வேண்டாம். பசியோடு வா, பிள்ளையாக வந்து உட்கார்ந்து சாப்பிடு. உனக்கும் உன் மனைவிக்கும் பேத்திக்கும் இலை போடச் சொல்லியிருக்கிறேன். நீ வந்திருக்கிறாயா என்று பதிவிலாகா வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நான் நிற்க மாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன்.

அம்மா